வொய்னா எதனால்

சார் வணக்கம்,
பையனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கும்போது வொய்னா ஏன்னு சொன்னேன். அப்போ எதுக்கு, எதனாலங்கிறதுக்கு என்னன்னு கேட்டான், அதுக்கும் வொய்தான்னேன், மூணுக்கும் ஒண்ணுதானாங்கிறான். இந்த வார்த்தை எங்கருந்து வந்துச்சு? வாட், வென், வேர் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறது எப்படி?
- க.

வணக்கம்ங்க,

பையன் கெட்டிக்காரன், நேரா வேர்லயே கைய வச்சுட்டான். வொய் பொறந்ததே எதனால்ங்கிற அர்த்தத்துலதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல நம்ம தமிழ் மாதிரியே வேற்றுமை உண்டு, அப்போ வாட்டை ஹ்வாத்னு ஏதோ அந்த மாதிரி சொல்லியிருக்காங்க, அதோட மூணாம் வேற்றுமைதான் ஹ்வீ, எது கூட ஆல் சேர்ந்து எதனால் ஆகுதுல்ல, அப்படியே அதேதான். அப்புறம் வேற்றுமையெல்லாம் ஒவ்வொண்ணா உதிர்ந்துபோச்சு, இது மட்டும் வொய்னு தனி வார்த்தையா தப்பிச்சு நின்னுடுச்சு. இதே மாதிரி தப்பிச்சது இன்னொண்ணும் இருக்கு, தி மோர் தி பெட்டர்ங்கிறாங்களே, அதுல வர்ற தி நாம ஸ்கூல்ல படிச்ச ஆர்ட்டிகிள் இல்ல, தட்-ங்கிற வார்த்தையோட மூணாம் வேற்றுமை, அதாவது அதனால்! எனக்கு இது முதல்ல தெரிஞ்சப்போ நம்பவே முடியல.

வாட், ஹூ, வென், வேர், விச் எல்லாம் ஒரே வேர்ல முளைச்சதுங்க. இங்கிலீஷ், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாத்துக்கும் மூலமான பழைய மொழியில க்வ-னு இருந்த சத்தம் லத்தீன்ல க்வித் ஆச்சு, சமஸ்கிருதத்துல கிம், கதா ஆச்சு, இங்கிலீஷ் பக்கம் ஹ்வ ஆயிடுச்சு. எழுதுறதும் ஹெச் முன்னாடி, டபிள்யூ பின்னாடிதான் இருந்துச்சு, 1066ல பிரான்ஸ்லருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் எழுதினவங்க அதைத் திருப்பிப் போட்டாங்க. ஹவ் இதே குடும்பம்தான், ஆனா அதுல முன்னாடியே வ சத்தம் போயிடுச்சு, அதான் தனியா தெரியுது. நம்மகிட்ட எது, எங்கே, எப்போ, எவன் வரிசையா நிக்குற மாதிரிதான். ஏன் கூட என்னவுக்கு சொந்தம்தான், கன்னடத்துல ஏனுன்னா என்னன்னு அர்த்தம்.

பையன்கிட்ட எதுக்குன்னா வாட் ஃபார்னு சொல்லுங்க, நோக்கம் கேக்குறதுக்கு அது பொருந்தும், ஆனா வொய் காரணம், நோக்கம் ரெண்டையுமே கேக்கும். அப்புறம் நம்மாளுங்க பெரும்பாலும் சறுக்குற இடம், வொய் யூ ஆர் லேட். தமிழ்ல கேள்விக்காக வார்த்தைய இடம் மாத்துறதில்ல, அதான் அப்படி வருது, நேரா கேட்டா வொய் ஆர் யூ லேட்தான், ஆனா ஐ டோன்ட் நோ-க்கு அப்புறம் வந்தா வொய் யூ ஆர் லேட்டே சரி.

வொய் டோன்ட் யூ சிட் டவுன்னு யாராவது சொன்னா காரணம் சொல்லிட்டு நிக்காதீங்க, அது உக்காருங்களேன். நம்ம வார்த்தையோட வாலையும் பாருங்க, அதுலயும் ஒரு ஏன் ஒட்டிட்டிருக்கு.