நிலக்கரிச் சீமாட்டி பிரான்சிஸ் ஆன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்து நிலக்கரி வரலாற்றைப் பற்றி எழுதியபோது, லண்டன்டெரி சீமாட்டி பிரான்சிஸ் ஆன் வேன் டெம்பஸ்ட் பெயரை ஓரிடத்தில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே இத்தனை கேள்விகளா! மகிழ்ச்சி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1800 ஜனவரியில் பிறந்தவர். அப்பா சர் ஹென்றி வேன் டெம்பஸ்ட், டர்ஹாமில் ரெயின்டன், பென்ஷா பக்கத்துச் சுரங்கங்களுக்கும் வின்யார்டு எஸ்டேட்டுக்கும் சொந்தக்காரர். அம்மா அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கோமாட்டி. ஒரே குழந்தை. 1813-ல் அப்பா இறந்ததும், 13 வயதில் அத்தனைக்கும் வாரிசு ஆனார்.

அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனாலே பெண்ணின் சொத்து கணவனுக்குப் போய்விடுமே? இவருடையது எப்படித் தப்பியது?

சட்டப்படி போய்விடும் என்பது சரிதான். திருமணமான பெண்கள் தங்கள் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் 1882-ல்தான் வந்தது. ஆனால் பணக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வழி இருந்தது. திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, சொத்தை அறங்காவலர்கள் கையில் வைத்துவிடுவார்கள். கணவர் அனுபவிக்கலாம், நினைத்தபடி விற்றுவிட முடியாது.

1819-ல் இவர் மணந்தது சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற ராணுவப் பிரபுவை. மனைவியை இழந்தவர், இவரைவிட 20 வயதுக்கு மேல் மூத்தவர். இவருடைய அத்தையே அந்தத் திருமணத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்றார். கடைசியில் நடந்தது என்ன தெரியுமா? கணவர்தான் தன் பெயரை ‘வேன்’ என்று மாற்றிக்கொண்டார்! சொத்தின் கனம் அப்படி.

ரஷ்ய ஜார் மன்னர் இவருக்கு நகைகள் கொடுத்தாராமே?

ஆமாம், முதலாம் அலெக்சாண்டர். கணவர் வியன்னாவில் தூதராக இருந்தபோது ஏற்பட்ட பழக்கம். சைபீரியச் செவ்வந்திக்கற்கள் எல்லாம் வந்தன. இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் என் வருத்தம். அடுத்த கேள்விக்கு வாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டர்ஹாம் கடற்கரையில் இவர்கள் சீஹம் துறைமுகத்தைப் புதிதாகக் கட்ட என்ன அவசியம்? பக்கத்தில் சண்டர்லாந்து துறைமுகம் இருந்ததே?

நல்ல கேள்வி. ரெயின்டன் கரி லண்டனுக்குப் போகும் வழியைப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து தண்டவாளத்தில் வியர் ஆற்றங்கரை வரை. அங்கே தட்டையான படகில் கொட்ட வேண்டும். படகு சண்டர்லாந்து போனதும் மறுபடி அள்ளிக் கப்பலில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் கரி உடையும். லண்டனில் பெரிய கட்டிக்குத்தான் நல்ல விலை, தூளுக்கு மதிப்பில்லை. படகுக் கூலி, துறைமுகக் கட்டணம் வேறு.

அதனால் நேராகக் கடலுக்கே தண்டவாளம் போட முடிவு செய்தார்கள். சீஹம் எஸ்டேட்டை 1821-ல் வாங்கினார்கள். (கவிஞர் பைரனுக்கு 1815-ல் திருமணம் நடந்த வீடு அங்கேதான் இருக்கிறது.) சுரங்க நிர்வாகியாக இருந்த ஜான் பட்டில் அந்தத் தொழிலில் கரை கண்டவர். 1828 நவம்பரில் அடிக்கல் நாட்டி, பாறையைக் குடைந்து கட்டினார்கள். 1831 ஜூலையில் முதல் கப்பல் கரியோடு புறப்பட்டது.

தொழிலாளிகளை எப்படி நடத்தினார்கள்? அதைச் சொல்லாமல் தாண்டிவிடாதீர்கள்.

தாண்ட மாட்டேன். அன்றைக்கு டர்ஹாமில் ஆண்டு ஒப்பந்த முறை இருந்தது. எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் ஒரு வருடம் அந்தச் சுரங்கத்தை விட்டு நகர முடியாது. மீறினால் சிறை. குடியிருக்கும் வீடும் முதலாளியுடையது.

1842-ல் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் கடுமையாக எதிர்த்தவர் இவருடைய கணவர். 1844 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார். அயர்லாந்து எஸ்டேட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குக் கடன் கொடுக்கக்கூடாது என்று சீஹம் கடைக்காரர்களையும் மிரட்டினார். அரிசி பருப்புக் கடனை நிறுத்துவது மாதிரிதான். அடி நேராக அடுப்பில் விழும்.

சீமாட்டி பள்ளிக்கூடங்கள் கட்டினார், 1856-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு விருந்தும் வைத்தார். விருந்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது அவர் மனம் வைத்தால் வருவது. கூலி பேசும் உரிமையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கணவர் இறந்த பிறகு தொழிலை யார் பார்த்தார்கள்?

அவரேதான். 1854-ல் கணவர் போனார். இவருக்கு அப்போது 54 வயது. அப்புறம் 11 வருடம், 1865 ஜனவரியில் சீஹமில் இறக்கும் வரை, தானே நடத்தினார். 1861-ல் அங்கே போய்த் தங்கிய டிஸ்ரேலி (பின்னாளில் பிரதமரானவர்) ஒரு கடிதத்தில் எழுதுகிறார்: ஊருக்குள் கல்லால் கட்டிய அலுவலகம், முகப்பில் இவர் பெயரும் குலச்சின்னமும், மேலே இவருடைய கொடி. உள்ளே ஏஜென்டுகளை வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. 4,000 சுரங்கத் தொழிலாளர்கள், உலைகள், ரயில், ஓயாத தந்தி. ஒரு காலத்தில் லண்டனின் முதல் நாகரிகச் சீமாட்டியாக இவரைப் பார்த்தவர் அவர், அசந்துபோகிறார். எனக்கு அந்த அலுவலகத்துப் பெண்மணியைத்தான் பிடிக்கும்.

சர்ச்சிலுக்கு உறவா?

கொள்ளுப்பாட்டி. இவருடைய மகள்தான் சர்ச்சிலின் அப்பாவைப் பெற்றவர்.

அயர்லாந்தில் இவர் வைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறதாமே?

ஆன்ட்ரிம் கடற்கரையில், இவர் கட்டிய காரன் டவர் மாளிகைக்குப் பக்கத்தில். 1846-47 பஞ்சத்தின் நினைவாகப் பாறையில் செதுக்க வைத்தார். ‘அயர்லாந்தின் துயரமும் இங்கிலாந்தின் தாராளமும்’ என்று அதில் ஒரு வரி. சுமார் பத்து லட்சம் பேர் செத்த பஞ்சம் அது. அந்த நாட்களிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கல்வெட்டில் இங்கிலாந்தின் தாராளத்தைச் சொல்லும் சொற்களைப் பின்னாளில் யாரோ உளி வைத்துக் கொத்தி எடுத்துவிட்டார்கள்.