பழைய கார் கேள்வி பதில்: ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் அம்பாசிடர்

கேள்வி: என்னிடம் இருப்பது 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. குன்னூர் ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் (டியூப்களைக் கம்பியால் குத்திச் சுத்தம்) செய்தாயிற்று, வாட்டர் பாடியும் (தண்ணீர் பம்ப்) புதுசு. தெர்மோஸ்டாட்டையும் மெக்கானிக் எடுத்துவிட்டார். இப்போது புது ரேடியேட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். சூடாகும் வண்டி வந்தால் நான் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஓட்டியவரிடம் கேட்பது ஒன்றுதான்: எந்த ரோட்டில், எந்த நேரத்தில் சூடாகிறது? அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். சிக்னலில் நின்று நின்று போகும்போது சூடானால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஃபேன், ஃபேன் பெல்ட் பக்கம் தேட வேண்டும். உங்கள் வண்டி சுமை ஏறும்போதுதான் கொதிக்கிறது. அப்படியென்றால் உள்ளே தண்ணீர் சரியாக ஓடவில்லை, அல்லது என்ஜின் தேவைக்கு மேல் சூட்டைக் கிளப்புகிறது.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு. அதை எடுத்த பிறகும் கொதிக்கிறதே, அப்போது அது குற்றவாளி இல்லை. திரும்பப் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் கீழே ஊரில் ஓட்டினால் என்ஜின் சூடேற வெகுநேரம் ஆகும், ஆயில் சீக்கிரம் கெடும், சிலிண்டர் தேயும். போடுவதற்கு முன்னால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு அடுப்பை மூட்டுங்கள். 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரி வாக்கில் வாயைத் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

சரி, நான் சந்தேகப்படுவது பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடலை. அம்பாசிடரில் இருக்கும் இந்த 1489 சிசி என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியுடைய பி-சீரிஸ் வகை. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் 1955-இல் இதே அளவு என்ஜினைத்தான் போட்டார்கள். நல்ல கனமான வார்ப்பிரும்பு. தண்ணீர் முன்பக்கத்தில் நுழைவதால் துருவும் போர்வெல் தண்ணீரின் உப்பும் பின்னால் நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் போய்ப் படியும். ரேடியேட்டரை எத்தனை தடவை ராடிங் செய்தாலும் அந்த மூலையை யாரும் தொடுவதில்லை.

பிளாக்கின் பின்பகுதியில் ஒரு சின்ன டிரெயின் குழாய் இருக்கும். வண்டி நன்றாக ஆறியதும் அதைத் திறந்து பாருங்கள். பல வருடங்களுக்கு முன்னால் உங்களுடையதைப் போலவே ஒரு வண்டி என்னிடம் வந்தது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கிறது, இந்தக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. குழாயையே கழற்றிவிட்டு, சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன். கம்பி இரண்டு அங்குலம் போய் மெத்தென்று நின்றது. திருகித் திருகி இழுத்தால் குங்குமக் குழம்பு மாதிரி துரு வருகிறது. கால் மணி நேரம் குத்திய பிறகு 'பொளக்' என்று ஒரு கட்டி விழுந்து, அதன் பின்னால் செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. தோட்டத்து ஹோஸை மேலே தெர்மோஸ்டாட் வாய் வழியாகவும் அப்புறம் கீழிருந்தும் மாற்றி மாற்றி விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவினோம். அந்த வண்டிக்குப் புது ரேடியேட்டர் தேவைப்படவில்லை.

உங்கள் வண்டியில் குழாய் தாராளமாகக் கொட்டினால், கீழ் ஹோஸைப் பாருங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கவனியுங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். ரப்பர் தளர்ந்திருந்தால் ஆர்பிஎம் ஏறும்போது வயிறு ஒட்டிய மாதிரி சப்பையாகிவிடும். நின்ற வண்டியைப் பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. மலையில் இது ரொம்ப முக்கியம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் நல்ல மூடி இருந்தால் தரைமட்டத்தில் கொதிநிலை 111 டிகிரி வரை போகும், மலையிலும் அதே மாதிரி ஒரு தாங்கல் கிடைக்கும். மூடியின் ரப்பர் வாஷர் கல்லாகியிருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அந்தத் தாங்கல் போச்சு. நூறு இருநூறு ரூபாய் மூடிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன்.

டெல்கோவையும் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்) திறந்து பாருங்கள். பாயிண்ட் செட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி 15 தௌவுக்கு (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே குறைந்தால் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், பின்தங்கும். வண்டி இழுக்காது, எரியும் சூடு ஹெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் போகும். ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட், பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு. காலையில் குளிர்ந்த என்ஜினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாது. அப்போதும் குமிழி விடாமல் வந்தால் எரிந்த புகைதான் தண்ணீருக்குள் வருகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம். இந்த என்ஜினில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒரே போர்ட்டில் அடுத்தடுத்து இருப்பதால் நடுப்பகுதிதான் அதிகம் காயும், கேஸ்கெட்டும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

இன்னொன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வழியில் கொதித்தால் ஓடைத் தண்ணீரைப் பிடித்து உடனே ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விட்டுவிடும். அரை மணி நேரம் நிழலில் நின்று, அப்புறம் துணி சுற்றி மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. தினமும் காலையில் ரேடியேட்டரை வழிய வழிய நிரப்புகிறேன், மாலையில் பார்த்தால் ஒரு அங்குலம் குறைந்திருக்கிறது. தரையில் சொட்டு இல்லை. என்ஜின் சூடாவதும் இல்லை. எங்கே போகிறது தண்ணீர்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் சூட்டில் விரியும். விரிந்ததைப் பிடித்து வைக்கத் தனி பாட்டில் இல்லாத வண்டி என்றால், அது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ரோட்டில் போய்விடும். ஒரு வாரம் நிரப்பாமல் விட்டு, தினமும் காலையில் ஆறிய நேரத்தில் திறந்து ஒரு குச்சியில் அளந்து வையுங்கள். அந்த ஒரு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் அதுதான் அந்த வண்டியின் அளவு. மேலும் மேலும் இறங்கினால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி ரேடியேட்டரில் ஒழுகல். மஞ்சள்தூள் போட்டால் நிற்கும் என்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நடுவழியில் மாட்டிக்கொண்டால், வீடு வந்து சேர மட்டும் போடலாம். தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய டியூப் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. இரண்டையும் அடைக்கும். உங்களுடையது பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயப்பற்று வைத்து அருமையாகச் சரிசெய்யலாம். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபம், காய்ந்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கும். வாட்டர் பாடியின் அடியில் இருக்கும் சின்னத் துளையையும் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து சொட்டினால் ஒழுகுவது ரேடியேட்டர் இல்லை, பம்பின் சீல் போயிருக்கிறது. ஏற்கெனவே மஞ்சள் போட்டிருந்தால், பற்று வைப்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேல் டேங்கைப் பிரித்து டியூப்களைக் குத்திக் கழுவிய பிறகுதான் அவர் பற்று வைக்க வேண்டும்.