அம்மப்பா கட்டின வீடும் பக்கத்துக் காணி ஐந்து மாடியும்

கேள்வி: வவுனியா வைரவபுளியங்குளத்தில் 4 பரப்புக் காணியில் எங்கள் அம்மப்பா 1938-ல் கட்டின வீடு இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், முதிரைக் கதவுகள், கள்ளிக்கோட்டை ஓடு. பக்கத்துக் காணியை வாங்கினவர் ஐந்து மாடித் தொடர்மாடி கட்டப்போகிறார், எங்கள் காணியையும் கேட்கிறார். கனடாவிலுள்ள அண்ணாமார் இருவரும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அம்மாவோ, "நான் கண்ணை மூடினபிறகு என்னவும் செய்யுங்கோ" என்கிறா. வீட்டைச் சட்டப்படி காப்பாற்ற முடியுமா? இடைவழி ஏதும் உண்டா?

பதில்: சட்டத்தை நம்பி இருக்காதீர்கள். 1940-ம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் பழைய நினைவுச்சின்னம் என்பதற்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள். 1938-ல் கட்டின வீடு தானாக அதற்குள் வராது. வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டாலோ ஒரு சுவரைத் திருத்தவும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே, காணி போய்விடுமோ என்று வன்னியில் சனத்துக்கு வயிற்றைக் கலக்கும், அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

முதலில் காணியின் கடதாசியைப் பாருங்கள். சொந்த உறுதி உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிற் காணியா? வன்னியில் நிறையக் காணி 1935-ம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ கொடுபட்டது. உங்களுடையது அப்படியானால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, பேச்சு அங்கேயே நின்றுவிடும். உறுதிக் காணியென்றால் யார் பெயரில் இருக்கிறது? அம்மாவின் பெயரில் என்றால் அண்ணாமாரின் விருப்பம் விருப்பம் மட்டுமே. பிரிபடாத பங்குகளாக எல்லோர் பெயரிலும் இருந்தால், ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கும்போது, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமானால், மற்றப் பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கும் முந்து உரிமை உண்டு. அண்ணாமார் தங்களுக்காக ஒருவரை ஒப்பமிட வைக்கக் கனடாவிலிருந்து அனுப்பும் அற்றோணித் தத்துவத்தில் "விற்க" என்ற சொல் இருக்கிறதா என்பதையும் நொத்தாரிசிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, எனக்கு உண்மையில் பயமான இடம். நீங்கள் விற்காவிட்டாலும் பக்கத்தில் கட்டடம் வரத்தான் போகிறது. வீட்டுக்கு ஆபத்து மாடியால் வருவது குறைவு, அத்திவாரக் குழியால் வருவதுதான் கூட. சுண்ணாம்புச் சுவர் மெல்ல மெல்ல அசைந்தால் தாங்கிக்கொள்ளும், திடீரென்று காலடி மண் போனால் தாங்காது. உங்கள் அத்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக 45 பாகையில் சரிந்து இறங்கும் ஒரு கோட்டை மனதில் போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் மண்தான் சுவரைத் தாங்குகிறது, அதை அவர்களின் குழி வெட்டக்கூடாது. உங்கள் அத்திவாரம் 3 அடி, அவர்களின் குழி 8 அடி என்றால் இடையில் குறைந்தது 5 அடி நிற்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டாமல், துண்டு துண்டாகத் தோண்டி, கொன்கிறீற் போட்டு முடித்தபிறகே அடுத்த துண்டுக்குப் போகவேண்டும். வவுனியாப் பக்கம் கருங்கல் முட்டவும் கூடும். வெடி வைப்பதில்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

குழி வெட்டமுன் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் திகதியோடு படம் எடுத்து, இருக்கிற வெடிப்புகளை அளந்து குறித்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். பெரிய வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், பிறகு "அது முந்தியே இருந்த வெடிப்பு" என்று யாரும் சொல்ல ஏலாது. அவர்களின் வரைபடத்தை உள்ளூராட்சி சபையில் கேட்டுப் பாருங்கள். எல்லையில் விடும் இடைவெளி, மழைத்தண்ணீர் போகும் வழி, மலசலகூடக் குழி உங்கள் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் பாருங்கள். ஆட்சேபம் சொல்வதென்றால் அனுமதி கொடுக்கமுன் எழுத்தில் சொல்ல வேண்டும். கட்டி முடிந்தபிறகு போடும் கடிதத்தால் ஒன்றும் ஆகாது.

இடைவழி உண்டு. 4 பரப்பென்றால் கால் ஏக்கர், வீடு அதில் முன்பக்கத்தை மட்டும்தான் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். நில அளவையாளரைக் கொண்டு காணியை இரண்டாகப் பிரியுங்கள். முன் துண்டும் வீடும், அம்மா உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உருத்தோடு உங்களிடம் நிற்கட்டும். பின் துண்டில் அண்ணாமாரின் பங்கைக் கட்டுபவரிடம் கொடுத்து, பணத்துக்குப் பதில் தொடர்மாடியில் ஓரிரண்டு வீடுகளாக வாங்கலாம். தொடர்மாடியில் ஒரு வீட்டைத் தனி உறுதியாக எழுதுவது 1973-ம் ஆண்டின் 11-ம் இலக்கச் சட்டத்தின்படி, வரைபடம் பதியப்பட்ட பிறகே. அதற்கு முன் பின் துண்டை முழுதாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை வீடு, எந்தத் தளம், எப்போது என்பதை ஒப்பந்தமாக்குங்கள். இந்த யோசனை முழுக்க ஒரு அளவில்தான் தொங்குகிறது: வீட்டுக்கும் பக்க வேலிக்கும் இடையில் வாகனம் போகும் பாதை விட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பின் துண்டுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். பிறகு சேர்த்த குசினி, கொட்டில் ஏதும் வழியை மறித்தால் அதை இடிக்கலாம், அதற்காக அழவேண்டாம்.

வைத்திருப்பது என்று முடிவெடுத்தால் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். கிளிநொச்சியில் என் சித்தப்பா வீட்டில் நானே அந்தப் பிழையை விட்டவன். சுவரிலிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டு மாரிக்குள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று, உள்ளிருந்த சுண்ணாம்பையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பும் மணலுமே போதும்.

எல்லாப் பழைய வீட்டையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்பவன் அல்ல. கூரையைத் தாங்கும் கைமரங்களைக் கறையான் தின்று முடித்திருந்தால் முதிரைக் கதவுகளையும் நிலைகளையும் கழற்றிப் புது வீட்டில் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஆனால் 2009-க்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூரையோடு நின்ற பழைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் உங்கள் வீட்டைப் பார்க்காமல் இடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கமுன் ஒரு நல்ல தச்சனைக் கூரையில் ஏற்றி ஒவ்வொரு கைமரத்தையும் உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு கையில் வந்தபிறகு கனடாவுக்குத் தொலைபேசி எடுங்கள். கதைக்கும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.