காசு மறைந்தது, மறுகையைக் காட்டச் சொன்னால்?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பத்து ரூபாய்க் காசை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவதுபோல் பாவனை செய்து மறைக்கும் வித்தையை வகுப்பில் செய்து காட்டினேன். இடக்கையைத் திறந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த நொடியே, "டீச்சர், அந்தக் கையைக் காட்டுங்க!" என்று கத்திவிட்டார்கள். சேலையில் பாக்கெட்டும் கிடையாது. காசை எங்கே போடுவது? – ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கைமாற்றம் நன்றாகவே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் இடக்கை திறக்கும் முன்பே கத்தியிருப்பார்கள். தவறியது வலக்கையைக் காலி செய்யும் நேரம். இடக்கை திறந்தபின் அத்தனை கண்களும் வலக்கைக்குத்தான் வரும், அப்போது இடம் தேடிப் பயனில்லை. இடக்கை மூடியிருக்க, காசு அதற்குள் இருப்பதாக அவர்கள் நம்பும் நாலைந்து நொடிக்குள் காசு போய்விட வேண்டும்.

பாக்கெட்டைவிட நல்ல இடம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது: சாக்பீஸ் டப்பா. "சாக்பீஸால் மூன்று தட்டு தட்டினால் என்ன ஆகும், பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் வலக்கை டப்பாவுக்குப் போக நியாயமான காரணம் கிடைத்துவிடும். (தெருவில் வித்தை காட்டுகிறவர் மந்திரத் தூள் எடுக்கப் பைக்குள் கைவிடுவதும் இதற்குத்தான்.) டப்பாவை வலப்பக்கம் திறந்து வையுங்கள். அடியில் பழைய கைக்குட்டையை நாலாக மடித்துப் போட்டு, ஒரு ஓரமாக நாலைந்து சாக்பீஸ் மட்டும் வையுங்கள். பத்து ரூபாய்க் காசு 27 மி.மீ. அகலம், ஏறக்குறைய 8 கிராம் எடை. வெறும் டப்பாவில் விழுந்தால் 'டக்' சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கும். துணி இருந்தாலும் மேலிருந்து போடாதீர்கள். விரல் துணியைத் தொட்டபிறகு காசை விட்டுவிட்டு, அதே அசைவில் சாக்பீஸை எடுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டப்பாவை எட்டிப் பார்ப்பார்கள், அல்லது கை அங்கே ஒரு கணம் தங்கிவிடும். முதலில் காசே இல்லாமல் இருபது தடவை சாக்பீஸ் எடுத்துப் பழகுங்கள். காசோடு எடுக்கும்போதும் அதே வேகம் வர வேண்டும். உங்கள் பார்வை இடது முஷ்டியிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் உங்கள் கண் போகும் இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

வலக்கையில் காசு நடுவிரல், மோதிர விரல் இரண்டின் அடியில் தங்கட்டும். அந்த இரண்டு விரல்களும் லேசாக மடங்கியிருந்தால் போதும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் கை நண்டுக் கொடுக்குபோல் விறைத்துக் காட்டிக்கொடுக்கும். இடது முஷ்டியையும் இறுக்காதீர்கள், உள்ளே ஒரு காசு இருக்கும் அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். கை வியர்த்தால் காசு தோலில் ஒட்டிக்கொண்டு டப்பாவில் விழாது. முன்கூட்டியே விரலில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவிக்கொள்ளுங்கள். ஆசிரியர் கையில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

முன்வரிசை தரையில் உட்கார்ந்திருந்தால், நின்றபடி செய்யவே வேண்டாம். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு விரலிடுக்கில் காசின் மினுக்கு தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, புறங்கையை அவர்கள் பக்கம் வைத்துச் செய்யுங்கள். போனை அவர்கள் கண் உயரத்தில் வைத்து ஒருமுறை வீடியோ எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

காசைத் திரும்ப வரவழைக்க ஆசையிருந்தால், இன்னொரு காசை முன்பே வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே வடிவமைப்பாக, ஒரே ஆண்டுக் காசாக இருக்கட்டும். பத்து ரூபாய்க் காசில் 14 வடிவமைப்புகள் வந்திருப்பதாக ரிசர்வ் வங்கியே 2018-இல் அறிவித்தது. பிள்ளைகளின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தப்பாது.

"இன்னொரு தடவை" என்று கெஞ்சினாலும் அன்றைக்கு அதே வித்தை வேண்டாம். பாடம் முடிந்ததும் டப்பாவிலிருந்த கைக்குட்டையைக் காசோடு சேர்த்துச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால், அடுத்து சாக்பீஸ் எடுக்க வரும் வகுப்புத் தலைவன் கையில் ரகசியம் சிக்கிவிடும். இரண்டு காசும் கணக்கில் வருகிறதா என்று பார்த்துவிட்டே வகுப்பை விட்டுக் கிளம்புங்கள். பக்கத்து அறையில் சின்ன வகுப்பு இருந்தால் இது இன்னும் முக்கியம். கையில் கிடைத்த காசை வாயில் போட்டுக்கொள்ளும் வயது அவர்களுக்கு.