தவணைத் தொகையைக் கூட்டக் கேட்டு வரும் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். அம்மாவைப் பராமரிப்பதற்காகக் கெயரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பாளருக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு) பெற்றுக்கொண்டே, முதியோர் இல்லமொன்றில் பகுதிநேர வேலையும் செய்தேன். சில வாரங்களில் சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி 3,000 பவுண் திருப்பிக் கேட்டார்கள். மாதம் 40 பவுண் கட்டிவரும் நிலையில், அதை 150 ஆக உயர்த்தும்படி இப்போது கடிதம் வந்திருக்கிறது. 200 பவுண் கொடுத்தால் தவணையைக் குறைத்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தொழில் மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் அனுப்பியிருப்பது ஒரு கோரிக்கை, நீதிமன்ற உத்தரவு அல்ல. உங்களால் 150 பவுண் கட்ட முடியாவிட்டால், முடியாது என்பதைக் கணக்குடன் எழுதித் தெரிவிக்கலாம். ஆனால் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். பதிலும் பணமும் வராவிட்டால், நீதிமன்றத்துக்குப் போகாமலே உங்கள் முதலாளிக்கு எழுதி, கைக்கு வரும் சம்பளத்தில் வழக்கமாக 3 முதல் 20 சதவீதம் வரை கழிக்கச் செய்யும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு. ஆகவே முடிவு தெரியும்வரை பழைய 40 பவுணை ஒரு மாதமும் தவறாமல் கட்டுங்கள். இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது என்பதால், கிரெடிட் கார்டில் எடுத்து அடைப்பது வீண் நஷ்டம். ஆறு வருடம் போனால் கடன் காலாவதியாகிவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். சம்பளத்திலும் கொடுப்பனவிலும் கழிப்பதற்கு அந்தக் காலவரம்பு பொருந்தாது.

தொலைபேசியில் அவசரப்படுத்தினாலும் எந்தத் தொகைக்கும் சம்மதிக்காமல், வரவு செலவு விவரத்தை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லுங்கள். வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு, பஸ் கட்டணம் ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் அரிசி மூட்டையும், தமிழ்க் கடையில் காசாகக் கொடுத்து வாங்கும் மரக்கறியும் வங்கிக் கணக்கில் தெரியாமல் போவதால், அவை விடுபட்டுப் போகின்றன. அவற்றை மாதக் கணக்காகப் பிரித்து எழுதுங்கள். சீட்டுக்குக் கட்டும் பணத்தைச் செலவில் சேர்க்காதீர்கள், அதிகாரியின் கண்ணுக்கு அது சேமிப்பாகவே படும். ஊருக்கு அனுப்பும் பணத்தையும் அவசியச் செலவாக எளிதில் ஏற்கமாட்டார்கள்.

அந்தத் தெரிந்தவரைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 200 பவுண் வாங்கிக்கொண்டு அவர் செய்யப்போவது நீங்களே நிரப்பக்கூடிய அதே வரவு செலவுப் படிவத்தை நிரப்புவதுதான். இப்படிப்பட்டவர்கள் சம்பளத்தைக் குறைத்தும் இல்லாத செலவைக் கூட்டியும் எழுதிவிடுவதுண்டு. கையெழுத்து உங்களுடையது என்பதால் பொய்க்குப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன் ஆகிய ஆலோசனை அமைப்புகள் இதே உதவியைப் பணம் வாங்காமல் செய்கின்றன.

தவணையைப் பேசுவதற்கு முன், கடன் தொகையே சரியா என்று பார்ப்பது உங்கள் விஷயத்தில் மிக முக்கியம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் சம்பளத்தை ஒரு வாரத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்காமல், பல வாரங்களுக்குச் சராசரி கண்டே வரம்போடு ஒப்பிட வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியத்துக்குக் கட்டியதில் பாதி, வேலை நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினர் அல்லாதவருக்குக் கொடுத்த கூலி (சம்பளத்தில் பாதி வரை) ஆகியவற்றைக் கழித்த பின்னரே அந்தக் கணக்கைப் போட வேண்டும். சராசரி காண்பது குறித்து அதிகாரிகளுக்கு 2015 முதல் தரப்பட்டிருந்த வழிகாட்டல் சட்டத்துடன் பொருந்தவில்லை என்று 2025 நவம்பரில் வெளியான சுயாதீன ஆய்வு சொன்னதும், அரசாங்கம் பழைய வழக்குகளை மறுபடி பார்ப்பதாக ஒப்புக்கொண்டது. வரம்பை ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரத்துக்குரிய அலவன்ஸ் முழுவதும் போய்விடும் ஒரு முறையில், சம்பள விவரம் வருமானவரித் துறையிடமிருந்து திணைக்களத்தின் கைக்கு வந்தபோதே ஒரு வரி எழுதி எச்சரிக்காமல், கடன் ஆயிரக்கணக்கில் குவிந்த பின் கேட்பது பராமரிப்பாளர்களுக்குச் செய்யும் பெரும் அநியாயம்.

ஆகவே அந்த வாரங்களின் பே ஸ்லிப்புகளைத் தேடி எடுங்கள். கடன் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற வாராந்த விவரத்தைக் கேட்டும், சராசரிப்படி மறுபரிசீலனை செய்யும்படி கோரியும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். மறுபரிசீலனைக்கு வழக்கமான அவகாசம் ஒரு மாதம்தான். ஆனால் தவறு திணைக்களத்தின் பக்கம் என்றால் எத்தனை வருடம் கழித்தும் முடிவைத் திருத்தலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.