கேப் டவுனில் எல்லாரும் சிரிக்கிறார்கள், யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. நண்பர்கள் கிடைக்க என்ன செய்யலாம்?

கேட்டவர் சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆனவர். சைவம். டேபிள் வியூ பக்கம் குடியிருப்பு. டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எங்க ஊரு அப்படி இல்லையே" என்கிறார்களாம்.

உங்களிடம் குறையில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மாற்றலாகி வரும் தென்னாப்பிரிக்கர்களே இந்த ஊரைப் பற்றி இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். ஜோகன்னஸ்பர்க், 1886-ல் தங்கம் கிடைத்த பிறகு பிழைக்க வந்தவர்கள் கூடி உண்டாக்கிய ஊர். அங்கே பாதிப் பேருக்குப் பழைய சிநேகிதம் கிடையாது, புதிதாகத் தேடியாக வேண்டும். கேப் டவுன்காரர்களுக்கு அந்தத் தேவை இல்லை. பள்ளிக்கூடத்து நண்பர்கள் நாற்பது வயதிலும் அதே தெருவில் இருப்பார்கள். "எந்த ஸ்கூல்?" என்று பெரியவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஊர் இது. போதாததற்கு 1950-ன் குரூப் ஏரியாஸ் சட்டம் இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியேற்றியது. இந்தியர்களுக்கு ரைலண்ட்ஸ், கிரேவன்பி என்று ஒதுக்கினார்கள். சட்டம் போய்விட்டது, யார் வீட்டுக்கு யார் போவது என்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. இதோடு உயரமான சுவர், மின்வேலி, இருட்டினால் நடக்கத் தயங்கும் தெரு. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துச் சர்க்கரை கேட்பதெல்லாம் நடக்காது.

ஆகவே ஒரே ஆளை நூறு தடவை பார்க்கும்படி உங்கள் வாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரை ஒரு தடவை பார்ப்பதால் பயனில்லை. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என்று கண்டார். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 50-ஐத் தொடவே ஆறு மாதம். மாதம் ஒரு "நெட்வொர்க்கிங்" கூட்டத்துக்குப் போய்வந்து யாரும் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சுலபமான ஆரம்பம் பார்க்ரன் என்ற வாராந்தர ஓட்டம். சனிக்கிழமை காலை 8 மணி, 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தும் போகலாம். இணையத்தில் ஒரு தடவை பதிவு செய்து பார்கோடு எடுத்துக்கொண்டால் ஆயுசுக்கும் அதுதான். உங்களுக்குப் பக்கம் பிக் பே, ஊருக்குள் கிரீன் பாயிண்ட், ராண்டபாஷ் காமன். பலர் ஓடி முடித்ததும் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள், அதில் ஒரு முகமும் பழகாது. ஓடுவதைவிடத் தொண்டராக நிற்பது நல்லது. முடிக்கும் இடத்தில் பார்கோடு ஸ்கேன் செய்கிறவரிடம் ஓடினவர்கள் எல்லாரும் வந்தே ஆகவேண்டும், நாலு வாரத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தொண்டர்கள் முடிந்தபின் காபி குடிக்கப் போவார்கள். அதற்கு மறுக்காமல் போங்கள், முக்கால்வாசி வேலை அந்த மேசையில்தான் நடக்கிறது.

கிரிக்கெட் ஆடத் தெரிந்தால் இன்னும் நல்லது. உள்ளரங்கில் ஆடும் ஆக்‌ஷன் கிரிக்கெட்டில் அணிக்கு 8 பேர், 16 ஓவர், ஜோடி ஜோடியாக நாலு ஓவர் மட்டை பிடிப்பது, அவுட்டானாலும் வெளியேற்றமில்லை, 5 ரன் கழியும். வாராவாரம் ஏதாவது ஓர் அணிக்கு ஓர் ஆள் குறையும். அரங்கத்து வரவேற்பில் பெயரும் எண்ணும் கொடுத்து "ஆள் குறைந்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். மூன்று தடவை சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவரை அணியில் சேர்க்காத கேப்டனைக் காண்பது அரிது.

அடுத்தது பேச்சு. "நாம ஒரு நாள் காபி சாப்பிடணும்" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதை அழைப்பு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். நம் ஊரில் கல்யாண மண்டபத்து வாசலில் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்கிறோமே, அதே ரகம். நாள், நேரம், இடம், முடியும் நேரம் நாலையும் நீங்கள்தான் போடவேண்டும்: "அடுத்த வியாழன் 5.30, ஆபீஸ் கீழே இருக்கும் கடை, 6.15-க்குக் கிளம்பிடலாம்." முடியும் நேரம் சொன்னால் சம்மதிப்பது அவர்களுக்குச் சுலபம். வார இறுதி என்றால் பத்து நாள் முன்னால் கேளுங்கள், முதல் நாள் ஒரு வாட்ஸ்அப் போட்டு உறுதி செய்யுங்கள். காற்றடித்தாலே திட்டத்தைக் கைவிடும் ஊர் இது, ஒரு தடவை ரத்தானதை அவமானமாக எடுக்க வேண்டாம். இரண்டு தடவை ரத்தாகி, மாற்று நாளும் அவர் சொல்லவில்லையென்றால் விட்டுவிடலாம். இன்னொன்று, "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போதே என்று அர்த்தமில்லை, அப்புறம் எப்போதாவது. "நவ் நவ்" என்றால்தான் கொஞ்ச நேரத்தில்.

பிராய் என்பது வெளியே விறகு மூட்டி, தணலில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து. அதற்குக் கூப்பிட்டால் ஒரு படி ஏறிவிட்டீர்கள். அதற்குச் சில முறைகள் உண்டு. "பிரிங் அண்ட் பிராய்" என்று சொன்னால் உங்கள் சாப்பாடு, உங்கள் குடிபானம், எல்லாருக்குமாக ஒரு சாலட் அல்லது பதார்த்தம், மூன்றையும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். ஒரு பை ஐஸ் வாங்கிப் போனால் யாரும் வேண்டாம் என்றதில்லை. விறகு எரிந்து தணலாகவே ஒரு மணி நேரம் பிடிக்கும். போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தட்டு வரும், வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டுப் போங்கள். நெருப்பும் இடுக்கியும் வீட்டுக்காரர் சொத்து. கேட்காமல் கிளறுவது, நம் சமையலறையில் விருந்தாளி கரண்டி பிடிப்பது மாதிரி.

சைவம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாமல் போய் வெறும் ரொட்டி தின்பதுதான் கூப்பிட்டவரைச் சங்கடப்படுத்தும். போர்வோர்ஸ் என்ற சுருள் சாசேஜ் பெரும்பாலும் மாட்டிறைச்சி, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் கவனிக்க. சோளக்கதிர், சீஸ் வைத்த காளான், தக்காளி வெங்காயம் சீஸ் வைத்துச் சுடும் பிராய்புருய்க்கி ரொட்டி, இவை உங்களுக்கு. ஒரே கம்பி வலையில் சுடுவது மனசுக்கு ஒப்பவில்லையென்றால் ஃபாயில் சுருளோ சின்ன வலையோ நீங்களே எடுத்துப் போங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கூப்பிடுங்கள். பிரியாணி, கூட்டு, பொரியல் என்று மேசை நிறைய அடுக்கி உட்காரவைத்தால் எல்லாரும் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்குப் போய்விடுவார்கள். தோசை சுடுங்கள். பிராயில் தணல் செய்யும் வேலையைத் தோசைக்கல் செய்யும்: எல்லாரும் சுற்றி நிற்பார்கள், ஆளுக்கொன்று ஊற்றிப் பார்ப்பார்கள், முதல் தோசை பிய்ந்துபோனதைப் பார்த்து அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஆறு பேருக்கு அரை கிலோ இட்லி அரிசி, 125 கிராம் உளுந்து போதும், இருபதுக்கு மேல் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே வீடுகள் உள்ளேயும் குளிரும், ஒரு ராத்திரியில் மாவு புளிக்காது. அடுப்புச் சூடு போடாமல் ஓவன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள், அப்போதும் 14 மணி நேரமாவது ஆகும்.

இனித் தமிழர்கள். தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழு வேண்டும்தான். ஆனால் அதில் பலர் நிறுவன மாற்றல் விசாவில் வந்தவர்கள், அதன் காலம் 4 வருடம். நட்பு கனியும்போது மூட்டை கட்டிவிடுவார்கள். கேட்ஸ்வில்லில் இருக்கும் சிவ ஆலயத்துக்கும் போங்கள். அங்கே வரும் பிள்ளை, நாயுடு, கோவெண்டர் என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் தலைமுறைகளாக இந்த நாட்டுக்காரர்கள். 1860 முதல் டர்பன் இருக்கும் நட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர். தேவாரம் பாடுவார்கள், பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். "தமிழ் தெரியாதா?" என்று கேட்ட அன்றைக்கே உறவு முடிந்தது. அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லித்தராத காலத்திலும் காவடியையும் புரட்டாசி விரதத்தையும் விடாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள். நம்மில் எத்தனை பேர் புரட்டாசி முழுக்க இருக்கிறோம்? வயதில் மூத்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றே கூப்பிடுங்கள். பூசைக்கு வந்து பிரசாதம் வாங்கிப் போகிறவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. விசேஷத்துக்கு முதல் நாள், "ஆன்ட்டி, காய் நறுக்க எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேளுங்கள். இருபது கிலோ உருளைக்கிழங்கை எதிரெதிரே உட்கார்ந்து தோல் சீவும்போது 50 மணி நேரக் கணக்கு வேகமாகக் கரையும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஊரே விடுமுறையில், சொந்தபந்தத்தோடு இருக்கும், அப்போது பதில் வராததைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஜனவரி கடைசியில் மறுபடி கேளுங்கள். கோடையில் இரவு 8 மணி வரை வெளிச்சம் இருக்கிறது, வேலை முடிந்து கடற்கரையில் நடக்கலாம். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலச் சந்திப்புகளைச் சனி மதியத்துக்கு மாற்றுங்கள். கார் இல்லாதவர் என்றால், வீட்டுக்குத் திரும்பும் வழியை முன்னமே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.