வள்ளத்துக்கு எபாக்ஸி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரைன் பிளைவுட்டில் 18 அடி வள்ளம் ஒன்றைக் கட்டி வருகிறோம். பழைய வள்ளத்தில் பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசினில் ஃபைபர் மேட் (கண்ணாடி இழைப் பாய்) ஒட்டியிருந்தோம். மூன்றாம் ஆண்டிலேயே அடிப்பக்கம் பட்டை பட்டையாக உரிந்தது, உள்ளே பலகையும் கறுத்திருந்தது. இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பிசினைப் போட்டால் இந்தத் தொல்லை தீருமா? விலைதான் கூடுதல், வேலை ஒன்றுதான் என்கிறார் ஆசாரி. ஆனி மாதத்தில் பூச்சு வேலையைத் தொடங்க இருக்கிறோம்.
– ஒரு வாசகர், நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: எபாக்ஸி நல்ல முடிவு, ஆனால் வேலை ஒன்றுதான் என்பதை ஏற்க இயலாது. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கணிசமாகச் சுருங்கும், மரத்தின் மேல் அதன் பிடிப்பும் குறைவு. எபாக்ஸி மிகக் குறைவாகவே சுருங்கி, மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆயினும், பலகை கறுத்திருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் முக்கியமாகக் கருதுகிறோம். அந்த அளவுக்குக் கறுக்க வேண்டுமானால், மேலுறை உரிவதற்கு வெகு முன்பே வெட்டு விளிம்பு வழியாகவோ, போல்ட் துளை வழியாகவோ, வெறும் பெயின்ட் மட்டும் அடித்த உட்புறம் வழியாகவோ தண்ணீர் உள்ளே போய்த் தங்கியிருக்க வேண்டும். அந்த வழிகளை அடைக்காமல் வெளிப்பக்கம் மட்டும் எபாக்ஸி பூசினால் பணம்தான் வீணாகும்.

பிளைவுட்டின் முகப்பு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். வெட்டு விளிம்பிலோ நார்களின் வாய் திறந்து கிடப்பதால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது இழுத்துக்கொள்ளும். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகையானாலும் விளிம்பின் இயல்பு இதுதான். ஆகவே தூள் எதுவும் கலக்காத எபாக்ஸியை விளிம்பில் பூசி, மரம் குடித்ததும், முந்தைய பூச்சு இறுகுமுன் மறுபடி பூசி, இனிக் குடிக்காது என்னும் நிலை வரும்வரை தொடருங்கள். உட்புறத்துக்கும் குறைந்தது இரண்டு பூச்சு வேண்டும். போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, மரத்தூள் கலந்த எபாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவுத் துளை இடுங்கள்.

மீதமிருக்கும் பழைய மேட்டைப் பயன்படுத்த வேண்டாம். அதன் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைவதற்கென்றே அமைந்தது. எபாக்ஸியில் அது சரியாகக் கரையாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி இழைத்துணி போதும். மணலில் இழுபடும் அடிப்பக்கத்துக்கு இரண்டு அடுக்கு இடலாம். கூர்முனையில் துணி படியாது என்பதால் மூலைகளை முன்பே உருட்டிவிடுங்கள். துணி நன்றாக நனைந்தால் அதன் வெண்மை மறைந்து பலகையின் ரேகை தெளிவாகத் தெரியும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று சிக்கியிருக்கிறது.

ஆனி மாதம் வேண்டவே வேண்டாம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பெய்யும் நாட்களில், காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதம் இருந்தால், மரம் 15, 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். எபாக்ஸிக்கு 12 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது. அந்த ஈரக்காற்றில் இறுகும் பூச்சின் மேல் மெழுகு போன்ற பிசுபிசுப்பும் படியக்கூடும். அதன் மேல் அடுத்த பூச்சு ஒட்டாது; உப்புத்தாள் போட்டால் அது இன்னும் பரவும். முதலில் நல்ல தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவி, உலர்ந்த பிறகே தேய்க்க வேண்டும். தை முதல் பங்குனி வரையிலான நாட்களில், கூரைக்குக் கீழே, பிற்பகலில் சூடு இறங்கும்போது பூசுங்கள். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்தினுள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழ் விடும். எபாக்ஸி வெயில் தாங்காது என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம்.

கேள்வி: கலந்து வைத்த எபாக்ஸி டப்பாவிலேயே சூடேறிப் புகைந்துவிட்டது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் கூடிவிட்டதா?
– ஒரு வாசகி, பொழியூர்

பதில்: அளவு கூடியதைவிட, ஒரே டப்பாவில் நிறையக் கலந்ததே காரணமாக இருக்கும். ரெசினும் ஹார்டனரும் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. ஆழமான டப்பாவில் அது வெளியேற வழியின்றித் தன்னையே மேலும் சூடாக்கிக்கொள்கிறது. சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். புகைந்தால் அந்த ஆவியைச் சுவாசிக்காமல் டப்பாவை வெளியே கொண்டுபோய் வையுங்கள். பாலியெஸ்டருக்குச் செய்வதுபோல் ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்ற முயல வேண்டாம். எபாக்ஸியில் ஹார்டனரும் பூச்சின் ஒரு பகுதியே ஆதலால், மிஞ்சியது அப்படியே தங்கிப் பூச்சு மென்மையாக நின்றுவிடும். லேபிளில் உள்ள விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பார்த்து அளந்து கலக்குங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்; எபாக்ஸியால் தோலில் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது.